அந்த நான்கு வரிகள் எங்கிருந்து வருகின்றன?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் அண்மையில் வந்த, சர்வருக்குள் நுழைவோர் கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கை வாசகத்தை அமைப்பது பற்றிய குறிப்பைப் படித்தேன். வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அதை எழுதியவர் சொன்னவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால், எம்ஓடிடி (அன்றைய செய்தி) என்ற கோப்பைத் திறந்து வாசகத்தை எழுதிச் சேமித்துவிட்டால் இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது என்ற பொருளில் அவர் முடித்திருந்த விதம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. எழுதுவதற்கு இரண்டு நிமிடம் போதும் என்பது உண்மைதான். சில ஆண்டுகள் கழித்து அந்த வாசகத்தை வேறொருவர் மாற்ற வேண்டி வரும்போது அவருக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் நெடுநாளாக இருக்கும் நான், அந்த வேறொருவராக இருந்து அரை நாளைத் தொலைத்தவன்.

உள்நுழைவுச் செய்தியின் வாசகம் என்ன என்பதைத் திரையைப் பார்த்தே யாரும் தெரிந்துகொள்ளலாம். அதை ஆவணத்தில் மறுபடியும் எழுதி வைப்பதால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. அந்த வாசகம் எந்தக் கோப்பிலிருந்து, எந்த நிரலின் வழியாக, எந்தக் கட்டத்தில் திரைக்கு வருகிறது என்பது திரையைப் பார்த்துத் தெரிவதில்லை. ஆவணப்படுத்த வேண்டியது அந்த வழியைத்தான். நான் பார்த்த வரையில், பெரும்பாலான அலுவலகங்களில் எழுதி வைக்கப்படாமல் போவதும் அதுதான். (கோப்புகளின் பெயர்களையும் கட்டளைகளையும் அச்சுக்கு ஏற்றபடி தமிழ் எழுத்திலேயே இங்கே எழுதுகிறேன். அலுவலக ஆவணத்தில் இந்தச் சலுகை கூடாது; விசைப்பலகையில் எப்படித் தட்ட வேண்டுமோ அப்படியே, ஓர் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும்.)

"உள்நுழைவுச் செய்தி" என்று ஒற்றைச் சொல்லால் குறிக்கும்போதே குழப்பம் தொடங்கிவிடுகிறது. லினக்ஸ் போன்ற, யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் உள்ள கணினிகளில் அந்தப் பெயருக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு செய்திகள் அடங்கியிருக்கின்றன. கணினியின் முன்னாலேயே அமர்ந்திருப்பவருக்கு, பயனர் பெயரைக் கேட்பதற்கு முன் தோன்றுவது, கணினியின் அமைவுக் கோப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறையில் உள்ள இஷ்யூ என்ற கோப்பின் உரை. தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்ற சேவையின் மூலம் வலை வழியாக வருபவருக்கு, கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முன் தோன்றுவது அந்தச் சேவையின் அமைவுக் கோப்பில் பேனர் என்ற வரி சுட்டிக்காட்டும் கோப்பின் உரை. அந்த வரி இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் எதுவும் தோன்றாது. அடையாளம் சரிபார்க்கப்பட்டு உள்ளே வந்துவிட்டவருக்குத் தோன்றுவதுதான் எம்ஓடிடி, அதாவது அன்றைய செய்தி. இவை போதாதென்று, முந்தைய முறை எப்போது எங்கிருந்து உள்ளே வந்தீர்கள் என்று சொல்லும் வரியும் ஒன்று உண்டு. அதை இயக்கவும் நிறுத்தவும் தனியே ஓர் அமைவு இருக்கிறது. அனுமதியின்றி நுழைபவரை எச்சரிப்பதுதான் நோக்கம் என்றால், அதை எம்ஓடிடியில் எழுதுவது வீட்டுக்குள் வந்துவிட்டவனிடம் வாசலில் நிற்காதே என்று சொல்வதைப் போன்றது. தங்கள் பக்கத்தில் வந்த குறிப்பு இந்த வேறுபாட்டைத் தொடவே இல்லை.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் சில சர்வர்களின் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டபோது, அவற்றில் ஒன்றுக்குள் நுழைந்தவுடன் நான்கு வரிச் செய்தி ஒன்று தோன்றும். அதன் கடைசி வரி, உதவி தேவைப்பட்டால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண். அந்த எண்ணுக்கு உரியவர் வேலையை விட்டுச் சென்று பல மாதங்கள் ஆகியிருந்தன. ஆயினும் அழைப்புகள் அவருக்குப் போய்க்கொண்டே இருந்தன. அவர் பொறுமை இழந்து எழுதிய மின்னஞ்சல், எண்ணை உடனே மாற்றும்படி ஒரு குறிப்புடன் என் மேசைக்கு வந்தது. எனக்கு முன்பிருந்தவர்கள் விட்டுச்சென்ற ஆவணத்தைத் திறந்தேன். அதில் ஒரு தேதியும், அதற்கு நேரே "உள்நுழைவுச் செய்தி மாற்றப்பட்டது" என்ற மூன்று சொற்களும் இருந்தன. அவ்வளவுதான்.

கட்டுரையாளர் சொன்ன வழியில்தான் நானும் முதலில் போனேன். அது லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு நிறுவப்பட்ட சர்வர். ஈடிசி கோப்புறையில் எம்ஓடிடி என்ற கோப்பே இல்லை. ஈடிசி முழுவதிலும் அந்தக் கடைசி வரியைத் தேடச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன், கிடைக்கவில்லை. வட்டு முழுவதிலும் தேடியபோது ஒரே ஓர் இடத்தில் அகப்பட்டது: ரன் என்ற கோப்புறையில், எம்ஓடிடி.டைனமிக் என்ற கோப்பில். கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் அங்கேயே எண்ணை மாற்றினேன், சேமித்தேன், வெளியேறி மீண்டும் உள்ளே வந்தேன். பழைய எண் அப்படியே இருந்தது. கோப்பைத் திறந்து பார்த்தால் அதிலும் பழைய எண்தான். நான் சேமிக்கவே மறந்துவிட்டேனோ என்று எண்ணி, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதே காரியத்தை இன்னும் இரண்டு முறை செய்தேன்.

நடந்தது இதுதான். டெபியனிலும் (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ் வகை) உபுண்டுவிலும், ஒருவர் உள்நுழையும் ஒவ்வொரு முறையும், அடையாளச் சரிபார்ப்புக்கான பிஏஎம் என்ற அமைப்பின் ஓர் உறுப்பு, ஈடிசியின் கீழுள்ள அப்டேட்-எம்ஓடிடி.டி என்ற கோப்புறையில் இருக்கும் சிறு நிரல்களைப் பெயர் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இயக்கி, அவை தரும் வெளியீட்டை எல்லாம் சேர்த்து ரன் கோப்புறையில் உள்ள அந்தக் கோப்பில் எழுதி, பிறகு அதைத் திரையில் காட்டுகிறது. ரன் கோப்புறை நினைவகத்தில் மட்டுமே வாழ்வது. கணினியை நிறுத்தினால் அதுவும் போய்விடும். நான் திருத்திக்கொண்டிருந்தது மூலத்தை அல்ல, அதன் நிழலை. நான் தேடிய வரி வேறெங்கும் அகப்படாததற்கும் காரணம் இருந்தது. முன்பிருந்த யாரோ எழுதிய 20-ஹெல்ப் என்ற நிரல், வாக்கியத்தின் முன்பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, எண்ணை மட்டும் முற்றிலும் வேறொரு கோப்புறையில் இருந்த ஒரு கோப்பிலிருந்து படித்து ஒட்டிக்கொண்டிருந்தது. முழு வரியாக அது எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பழியை முழுவதும் முன்னவர்கள் தலையில் போட்டிருப்பேன். அந்த நிரலைத் திருத்துவதற்கு முன், எச்சரிக்கையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, அதன் நகல் ஒன்றை அதே கோப்புறையில் 20-ஹெல்ப்-ஓல்ட் என்ற பெயரில் எடுத்து வைத்தேன். பிறகு மூல நிரலில் புதிய எண்ணை எழுதிச் சோதித்தேன். திரையில் புதிய எண்ணுடன் நான்கு வரிகள் வந்தன. அவற்றுக்குக் கீழே பழைய எண்ணுடன் அதே நான்கு வரிகள் மறுபடியும் வந்தன. நகல் எடுக்கும்போது நிரலை இயக்கும் அனுமதியும் சேர்ந்தே நகலாகிவிட்டிருந்தது. அந்தக் கோப்புறையில் இயங்கும் அனுமதியோடு இருப்பது எதுவாயினும், பெயர் விதிக்கு உட்பட்டிருந்தால், அது இயக்கப்படும். பெயர் விதி என்பதும் விசித்திரமானது. இந்த நிரல்களை இயக்கும் ரன்-பார்ட்ஸ் என்ற கருவி, பெயரின் இறுதியில் புள்ளி வைத்து எஸ்எச் என்றோ பேக் என்றோ ஒட்டு இருந்தால் அந்தக் கோப்பை வாய் திறக்காமல் ஒதுக்கிவிடும். ஆகவே, புள்ளி-பேக் என்று முடித்திருந்தால் என் நகல் சும்மா இருந்திருக்கும். ஓல்ட் என்று இடைக்கோட்டோடு முடித்ததால் உயிரோடு எழுந்துவிட்டது. இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன்: புதிதாக வந்த ஒருவர் தாம் எழுதிய நிரலுக்குப் பழக்கதோஷத்தில் புள்ளி-எஸ்எச் என்று பெயரிட்டுவிட்டு, அது ஏன் தோன்றவில்லை என்று ஒரு நாள் முழுவதும் நிரலுக்குள்ளேயே பிழையைத் தேடிக்கொண்டிருந்தார். ஆவணத்தில் இந்த விதியைப் பற்றி ஒற்றை வரி இருந்திருந்தால் அவருக்கு அந்த நாள் மிஞ்சியிருக்கும்.

ஆகவே, எம்ஓடிடி கோப்பில் எழுதினால் போதும் என்பது முழுப் பொய்யும் அல்ல. டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தக் கோப்பை உருவாக்கி எழுதினால், நிரல்கள் தரும் செய்திக்குப் பின்னால் அதுவும் தோன்றும். ஏற்கெனவே தோன்றிக்கொண்டிருப்பவை அதனால் மறையா என்பதுதான் விஷயம். உபுண்டுவில் அந்த மற்றவை சிறிதல்ல: வரவேற்பு வரி, உதவிப் பக்கங்களின் முகவரிகள், நிலுவையில் உள்ள புதுப்பிப்புகளின் எண்ணிக்கை, மறுதொடக்கம் தேவையா என்ற குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் உண்டு. அந்த இயங்குதளத்தை வெளியிடும் நிறுவனத்தின் தளத்திலிருந்து அவ்வப்போது செய்தி வரவழைத்துக் காட்டும் நிரலும் அவற்றில் ஒன்று. டீஃபால்ட் என்ற கோப்புறையில் எம்ஓடிடி-நியூஸ் என்ற கோப்பில் அதை நிறுத்தலாம். வெளியிலிருந்து யாரோ எழுதும் வரி தங்கள் சர்வரின் திரையில் வருகிறது என்பதே பலருக்குத் தெரியாது. அது நிறுத்தப்பட்டிருக்கிறதா, நிறுத்தியது யார் என்பதையும் ஆவணம் சொல்ல வேண்டும்.

எஸ்எஸ்எச் பேனரில் வேறு வகைச் சிக்கல் இருக்கிறது. அந்தச் சேவையின் அமைவில் ஒரே சொல்லுக்கு இரண்டு இடங்களில் மதிப்பு கொடுத்திருந்தால், கடைசியாக எழுதியது வெல்லும் என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். உண்மையில் முதலில் படிக்கப்பட்டதே வெல்லும். அண்மைக்கால டெபியன், உபுண்டு பதிப்புகளில், முதன்மை அமைவுக் கோப்பின் தொடக்கத்திலேயே துணைக் கோப்புறை ஒன்றில் உள்ள கோப்புகளைச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு வரி இருக்கிறது. அந்தத் துணைக் கோப்புகள் ஒன்றில் யாராவது பேனர் வரியை எழுதியிருந்தால், முதன்மைக் கோப்பின் அடியில் நீங்கள் எத்தனை முறை எழுதினாலும் பலன் இராது. நடைமுறையில் இருப்பது எது என்பதை அறிய ஒரே நம்பகமான வழி, எஸ்எஸ்எச்டி என்ற நிரலின் பெயரை முழுப் பாதையோடு தட்டி, அதன்பின் கழித்தல் குறியும் பெரிய எழுத்து டியும் (டெஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) கொடுத்து, மேலாளர் அனுமதியோடு (ரூட் எனப்படும் முழு அதிகாரக் கணக்கில்) இயக்கிப் பார்ப்பது. சேவை கோப்புகளைப் படித்து முடிவில் கைக்கொள்ளும் மதிப்புகளை அது வரிசையாகக் காட்டும். சிறிய எழுத்து டி கொடுத்தால் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மௌனமாகிவிடும். இந்த இரண்டு எழுத்துகளின் வேறுபாடு தெளிவாக எழுதப்படாத ஆவணத்தை நம்பி, ஒருவர் சிறிய எழுத்தைத் தட்டி, எதுவும் வராததைக் கண்டு, பேனர் இல்லை என்ற முடிவுக்கு வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

இதே பேனரில் இன்னொன்று: இஷ்யூ கோப்பில் பின்சாய்வுக்கோடும் ஓர் எழுத்துமாகச் சில குறிகள் இருக்கும். கணினியின் பெயர், முனையத்தின் பெயர், கெர்னல் (இயங்குதளத்தின் கரு) பதிப்பு முதலியவற்றை அந்த இடங்களில் நிரப்பிக் காட்டுவது, நேரடி முனையத்தைக் கவனிக்கும் கெட்டி என்ற நிரல். எஸ்எஸ்எச் சேவைக்கு அந்தக் குறிகளின் பொருள் தெரியாது. சிக்கனம் கருதி இரண்டுக்கும் ஒரே கோப்பைச் சுட்டிக்காட்டிவிட்டால், வலை வழியாக வருபவர்களின் திரையில் பின்சாய்வுக்கோடும் எழுத்துமாக அவை அப்படியே வந்து நிற்கும். அழகுக்குறைவு என்பதைத் தவிர இதில் பெரிய தீங்கு இல்லை. மாறாக, கெர்னல் பதிப்பையும் இயங்குதளத்தின் பெயரையும் நுழைவதற்கு முன்பே எல்லாருக்கும் காட்டுவதில் தீங்கு உண்டு. பாதுகாப்பு அமைவுக்கான சிஐஎஸ் வழிகாட்டிகள் இந்தக் குறிகளை நீக்கும்படி கேட்பதும் அதனால்தான்.

லினக்ஸுக்கு வெளியேயும் நிலைமை இதற்குச் சளைத்ததல்ல. விண்டோஸில் செய்தியின் தலைப்புக்கு ஒன்று, உரைக்கு ஒன்று என இரண்டு பாதுகாப்புக் கொள்கை அமைவுகள் உண்டு; டொமைனில் (மையமாக நிர்வகிக்கப்படும் கணினிக் குழு) இணைந்த கணினியில் ஒருவர் தம் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைவுக் களஞ்சியம்) உரையை மாற்றிவிட்டு வெற்றி பெற்றதாக நினைத்திருப்பார், டொமைன் கொள்கை அடுத்து அமலாகும்போது பழைய உரையே திரும்பிவிடும். சிஸ்கோ ரூட்டர்களில் பேனர் உரையின் தொடக்கத்தையும் முடிவையும் காட்ட நீங்களே ஓர் எல்லைக்குறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் குறி தப்பித் தவறி உரைக்குள் வந்துவிட்டால் செய்தி அந்த இடத்தோடு அறுந்துவிடும். எந்தக் குறி பயன்படுத்தப்பட்டது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் 13ஆம் பதிப்பு முதல், திருத்த வேண்டியது எம்ஓடிடி அல்ல, எம்ஓடிடி.டெம்ப்ளேட் என்ற கோப்பு. கணினி தொடங்கும்போது அதிலிருந்து செய்தி புதிதாக ஆக்கப்படுகிறது. ஒரே பெயர் வெவ்வேறு இயங்குதளங்களில் வெவ்வேறு பொருளில் வழங்குவதால், இயங்குதளத்தையும் பதிப்பையும் குறிப்பிடாத எந்த வழிமுறையும் பாதி வழிமுறைதான்.

தமிழ் நாளிதழுக்கு எழுதுவதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். உள்நுழைவுச் செய்தியைத் தமிழில் வைக்க முடியுமா என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். எந்தச் செய்தி என்பதைப் பொறுத்தது என்பதே விடை. கணினியோடு நேரே இணைந்த திரையில் வரும் இஷ்யூ உரையைத் தமிழில் எழுதினால் பெரும்பாலும் கட்டங்களும் கேள்விக்குறிகளுமே மிஞ்சும். லினக்ஸின் எழுத்து முனையம் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 512 வடிவங்களை மட்டுமே வைத்துக்கொள்ளக்கூடியது என்பது ஒரு காரணம். ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது போன்ற வேலைகளை அது அறியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். எஸ்எஸ்எச் வழியே வரும் பேனரின் கதை வேறு. 2006இல் வெளியான அதன் நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 4252, பேனர் உரை, எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கவல்ல யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. உரை எந்த மொழியில் உள்ளது என்பதைக் குறிக்கவும் அதில் தனி இடம் உண்டு. சில நாடுகளின் சட்டப்படி, அடையாளச் சரிபார்ப்புக்கு முன் இப்படி எச்சரிப்பது சட்டப் பாதுகாப்புக்குத் தேவைப்படலாம் என்பதையே பேனருக்கான காரணமாகவும் அது காட்டுகிறது.

நெறிமுறை அனுமதித்தாலும் நிரல் பின்தங்கியிருந்தது. பரவலாகப் புழங்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் நிரல், பேனருக்குள் யாராவது திரையைக் குலைக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளை ஒளித்து வைக்கலாம் என்ற நியாயமான அச்சத்தில், ஆங்கில எழுத்துகள் அல்லாத அனைத்தையும் எண்களாக மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. "த" என்ற ஓர் எழுத்து, பின்சாய்வுக்கோடு 340, பின்சாய்வுக்கோடு 256, பின்சாய்வுக்கோடு 244 என்று மூன்று துண்டுகளாகத் திரையில் வரும். "தடை" என்று எச்சரிக்கப் போய், ஒன்பது எண்கள் கொண்ட ஒரு வரியைக் காட்டிய சர்வரை நானே அமைத்திருக்கிறேன். 2016இல் வந்த 7.3ஆம் பதிப்பிலிருந்து நுழைபவரின் பக்கத்தில் உள்ள நிரல் யுடிஎஃப்-8 எழுத்துகளை அப்படியே காட்டுகிறது. நுழைபவரின் கணினியில் என்ன பதிப்பு இருக்கிறது, அவருடைய முனைய நிரல் தமிழைச் சரியாக வரைகிறதா என்பவை நம் கையில் இல்லை. ஆகவே தமிழ் உரைக்கு மேலே ஆங்கில உரையையும் வைப்பதே என் வழக்கம். ஏன் இரண்டு மொழிகளில் இருக்கிறது என்பதையும் ஆவணத்தில் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால், அடுத்து வருபவர் இடம் மிச்சப்படுத்துவதாக எண்ணி ஒன்றை நீக்கிவிடுவார்.

இந்தச் செய்தியை ஆவணப்படுத்துவதில் வேறெந்த அமைவுக் கோப்புக்கும் இல்லாத ஒரு தொல்லையும் உண்டு. பொதுவாக ஓர் அமைவுக் கோப்பின் தலையிலேயே, எண் குறியை இட்டு, இதை ஏன் மாற்றினேன் என்று ஒரு விளக்கம் எழுதி வைத்துவிடலாம், அதுவே ஆவணமாகிவிடும். எம்ஓடிடி, இஷ்யூ, பேனர் ஆகிய கோப்புகளில் விளக்கத்துக்கென்று தனி இலக்கணம் கிடையாது. எழுதிய ஒவ்வோர் எழுத்தும் திரைக்குப் போய்விடும். அமைவுகளைத் தானாகப் பரப்பும் கருவிகளைப் பயன்படுத்தும் இடங்களில், இந்தக் கோப்பு இன்ன கருவியால் பராமரிக்கப்படுகிறது, கையால் திருத்த வேண்டாம் என்ற தலைப்பு வரி ஒவ்வொரு கோப்பிலும் தானே ஒட்டிக்கொள்ளும். அந்த வரி, சர்வருக்குள் நுழையும் அனைவரையும் முதல் வரவேற்பாக வரவேற்பதை நீங்களும் பார்த்திருக்கலாம். யாரும் அதைக் கவனிப்பதில்லை என்பது வேறு. ஆகவே இந்தக் கோப்புகளைப் பற்றிய விளக்கம் வேறோர் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். நிரல்களால் ஆக்கப்படும் செய்திக்கு மட்டும் இந்த நெருக்கடி இல்லை. நிரலுக்குள் விளக்கம் எழுதலாம், அது திரைக்கு வராது. ஒரே வரிச் செய்தியாக இருந்தாலும் அதைச் சிறு நிரலாகவே வைத்துக்கொள்வதை நான் விரும்புவதற்கு இதுவே காரணம்.

சாதாரண வாசகக் கோப்புதானே, இதற்கு இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1960களில் நடந்த ஒன்றை நினைவூட்டலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கிய சிடிஎஸ்எஸ் என்ற காலப்பகிர்வுக் கணினி அமைப்பில், ஒரு நாள் உள்நுழைந்த எல்லாருடைய முனையத்திலும் அன்றைய செய்திக்குப் பதிலாக அனைவரின் கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியல் வந்தது. நிர்வாகிகள் இருவர் ஒரே கோப்புறையில் இருந்துகொண்டு, ஒருவர் அன்றைய செய்தியையும் மற்றவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்தியிருக்கிறார்கள். திருத்தும் நிரல் தன் இடைக்காலக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்ததால் இரண்டும் இடம் மாறிவிட்டன. அந்த அமைப்பை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஃபெர்னாண்டோ கார்பட்டோ, கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் இதை விவரித்திருக்கிறார். இன்று கடவுச்சொற்கள் அப்படித் திறந்த எழுத்தில் வைக்கப்படுவதில்லை. ஆனால் அன்றைய செய்தியை ஆக்கும் நிரல்கள் இன்றும் மேலாளர் அனுமதியோடுதான் இயங்குகின்றன. அவற்றில் ஒன்று எந்தக் கோப்பை வேண்டுமானாலும் படித்து, நுழைபவர் திரையில் கொட்ட முடியும்.

ஆவணம் எப்படி இருக்கலாம் என்பதற்கு, மேலே சொன்ன சர்வருக்கு நான் எழுதி வைத்ததையே கீழே தருகிறேன். பெயர்களை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறேன்.

"உள்நுழைந்தபின் தோன்றும் செய்தியின் நான்கு உதவி வரிகளை, ஈடிசியின் கீழ் அப்டேட்-எம்ஓடிடி.டி கோப்புறையில் உள்ள 20-ஹெல்ப் என்ற நிரல் ஆக்குகிறது. தொலைபேசி எண் இப்போது நிரலுக்குள்ளேயே இருக்கிறது. முன்பு படிக்கப்பட்ட தனிக் கோப்பு நீக்கப்பட்டது. ரன் கோப்புறையில் உள்ள எம்ஓடிடி.டைனமிக்கைத் திருத்த வேண்டாம். ஒவ்வொரு நுழைவின்போதும் அது புதிதாக எழுதப்படும். நகல்களை இந்தக் கோப்புறைக்குள் வைக்க வேண்டாம், இயங்கும். கடவுச்சொல்லுக்கு முன் பேனர் எதுவும் இந்தச் சர்வரில் அமைக்கப்படவில்லை. இது வேண்டுமென்றே விடப்பட்டது. எண்ணை மாற்ற ஒப்புதல் தர வேண்டியவர் உதவி மையத்தின் பொறுப்பாளர். மாற்றியபின், மேலாளர் அல்லாத ஒரு பயனராக, வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து பார்க்கவும். அந்தப் பயனரின் வீட்டுக் கோப்புறையில் ஹஷ்லாகின் என்ற கோப்பு இருக்கக் கூடாது. பிறகு ஒரு சிறு கோப்பை அதே வழியில் நகலெடுத்துப் பார்க்கவும்."

கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு விளக்கம் தேவைப்படலாம். புள்ளியில் தொடங்கும் ஹஷ்லாகின் என்ற வெற்றுக் கோப்பு ஒருவருடைய வீட்டுக் கோப்புறையில் இருந்தால் அவருக்கு மட்டும் செய்தி காட்டப்படாது. தினமும் பலமுறை நுழையும் நிர்வாகிகள் சலிப்பில் இதை வைத்துக்கொண்டு மறந்துவிடுவார்கள், பிறகு தாங்கள் வைத்த செய்தி ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். கோப்பை நகலெடுத்துப் பார்க்கச் சொல்வது வேறொரு காரணத்துக்காக. செய்தியை முறையான இடத்தில் வைக்காமல், பயனரின் கட்டளைகளை ஏற்று இயக்கும் பாஷ் என்ற நிரல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் அச்சிடும் கட்டளையாக எழுதிவிடும் வழக்கம் பரவலாக உண்டு. மனிதர் நுழையும்போது அது சரியாகவே தெரியும். எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியே கோப்பு அனுப்பும் முறை) மூலம் கோப்பு அனுப்பும்போதும் பாஷ் அதே கோப்பைப் படிக்கும். எதிர்முனையில் காத்திருக்கும் நிரலோ, வாழ்த்து வரியின் முதல் நான்கு எழுத்துகளை, வரவிருக்கும் பொதியின் நீளத்தைக் குறிக்கும் எண் என்று எடுத்துக்கொண்டு, செய்தி அளவுக்கு மீறி நீளமாக இருக்கிறது என்று புலம்பிவிட்டு நின்றுவிடும். இரவில் தானாக நடக்க வேண்டிய காப்பு நகல் வேலை இப்படி நின்றுபோனால், காரணம் ஒரு வரவேற்பு வரிதான் என்று யாருக்கு உடனே தோன்றும்?

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கணினிப் பக்கத்தில் இத்தகைய வழிமுறைகளை வெளியிடும்போது, அது எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது என்பதையும், மாற்றம் நடந்ததை எப்படிச் சரிபார்ப்பது என்பதையும், மாற்றியதை எப்படித் திரும்பப் பெறுவது என்பதையும் எழுதுபவரிடம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். இட நெருக்கடி இருந்தால் முன்னுரையைக் குறைத்துக்கொள்ளலாம். அண்மைக் குறிப்பைப் பொறுத்தவரை, எம்ஓடிடி என்பது உள்ளே வந்தபின் தோன்றுவது என்றும், அனுமதியற்றவரை எச்சரிக்க எஸ்எஸ்எச் பேனரும் இஷ்யூ கோப்பும் உண்டு என்றும் இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால், அதைக் கத்தரித்துத் தங்கள் அலுவலக ஆவணத்தில் ஒட்டி வைத்திருக்கக்கூடியவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்